ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியாச்சு, மிதிக்கிற காலை அடக்குவது எப்படி?

கூரை திறக்கும் பழைய பிஎம்டபிள்யூ இசட்4 ஒன்றை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. எஸ்டிரைவ் 35ஐ மாடல். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன், முழு இழுவையும் பின் சக்கரத்தில். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை ஐந்து நொடி சொச்சத்தில் தொட்டுவிடும். அதற்கு முன் 12 வருடம் நான் ஓட்டியது ஸ்விஃப்ட்.

முதல் மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் விடியற்காலை ஐந்தரைக்கு ஈசிஆரில், அதாவது சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கடலோரச் சாலையில், இருப்பேன். மூன்றாவது மாதக் கடைசியில் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு இடது வளைவு. இரவு பெய்த மழை ரோட்டில் இன்னும் காயவில்லை. வளைவு முடிவதற்குள்ளேயே ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்துவிட்டேன். வண்டியின் வால் வலப்பக்கம், அதாவது எதிர் வண்டிகள் வரும் பக்கம், விலகியது. மீட்டரில் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது. காரே பிரேக்கைப் பிடித்து, இன்ஜினை அடக்கி, தன்னை நேராக்கிக்கொண்டது. எல்லாம் ஒரு நொடிக்குள். எதிரே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கணவனும் மனைவியும், நடுவில் மீன் பெட்டி. அந்த அம்மா தலையில் போட்டிருந்த துண்டின் பச்சைக் கட்டம் வரைக்கும் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு பக்கம். அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். நான் உப்பளத்தை ஒட்டி வண்டியை நிறுத்தி, கை நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து படிப்படியாக நான் கண்டுபிடித்ததை எழுதுகிறேன். சீட் பெல்ட், லைசென்ஸ், குடித்துவிட்டு ஓட்டாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: கால் எப்போது பரபரக்கிறது என்று எழுதுங்கள்

"இனிமேல் மெதுவாகப் போவேன்" என்று சத்தியம் செய்வதில் பலன் இல்லை. நான் மூன்று தடவை செய்து பார்த்தேன். ஆசை எந்த இடத்தில் எழும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் கால் வசப்படும். இரண்டு வாரம், ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தியதும், போனில் ஒரு வரி எழுதி வையுங்கள்: எங்கே மிதித்தேன், அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது.

என் பட்டியலில் நான்கே விஷயம்தான் திரும்பத் திரும்ப வந்தது. டோல்கேட் தாண்டியதும் காலியாகத் தெரியும் ரோடு. பின்னால் ஹைபீம் அடித்து ஒட்டிக்கொண்டு வரும் வண்டி. பக்கத்து சீட்டில் நண்பன். ஆபீஸில் யாரிடமாவது பேச்சு வாங்கிய நாள். கடைசி விஷயம் எனக்கே ஆச்சரியம். அந்த நாட்களில் இப்போது இசட்4 சாவியைத் தொடுவதில்லை, ஸ்விஃப்ட்தான்.

படி 2: டயர் தேதியைப் பாருங்கள்

என்னைச் சறுக்க வைத்ததில் இந்த விஷயத்துக்கும் பங்கு உண்டு. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

வண்டி வாங்கும்போது டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடு) நன்றாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், ஆழம் இருக்கிறது, சரி என்று விட்டுவிட்டேன். மரக்காணத்துக்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படித்தேன். DOT என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம்தான் டயர் செய்த தேதி. முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும். 2316 என்றால் 2016ஆம் வருடத்தின் 23வது வாரம். என் பின் டயர் இரண்டுக்கும் ஏழு வயது தாண்டியிருந்தது. முந்தைய உரிமையாளர் வண்டியை அதிகம் எடுக்கவே இல்லை, அதனால் பட்டன் தேயவில்லை. ஆனால் ரப்பர் வெயிலிலும் வயதிலும் இறுகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. காய்ந்த ரோட்டில் இது தெரியவே தெரியாது. ஈரத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

குறியீடு சில டயர்களில் உள்பக்கம் மட்டும் முழுதாக இருக்கும். வெளியே தெரியவில்லை என்றால் ஜாக்கி போட்டு, அல்லது பஞ்சர் கடையில் தூக்கச் சொல்லிப் பாருங்கள். நான் முதலில் வெளியே தேடி, காணோம் என்று விட்டதில் ஒரு வாரம் போனது.

நான்கையும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக மாற்றினேன். காசு வலித்தது. ஆனால் இன்ஜின் பவர் ஏற்றுகிறேன், சைலன்சர் மாற்றுகிறேன் என்று திட்டம் வைத்திருப்பவர்களுக்கு என் ஒரே பதில், அந்தப் பணத்தை டயரில் போடுங்கள். காற்றழுத்தம் பார்க்க சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கிவிடுங்கள். பங்க் கேஜை நான் நம்புவதில்லை. இரண்டு பங்கில் ஒரே டயருக்கு நான்கு பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டியது. காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

கியர் லீவர் பக்கத்தில் இருக்கும் ஸ்போர்ட் பட்டனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்போர்ட் பிளஸில் சறுக்கல் கட்டுப்பாடு தன் பிடியைத் தளர்த்திக்கொள்ளும். ரோட்டில் அதற்கு வேலையே இல்லை. அன்று நான் நார்மலில் இருந்ததால்தான் கார் என்னைப் பிடித்தது.

படி 3: இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போடுங்கள்

ஈசிஆரில் நீங்கள் 80ல் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று மாடு குறுக்கே வருகிறது. மூளை கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அதற்குள் 22 மீட்டர் போயாச்சு. நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் அதற்குப் பிறகு நிற்க இன்னும் 31 மீட்டர் ஆகும். மொத்தம் 53 மீட்டர்.

அதே இடத்தில், அதே மாட்டுக்கு, 100ல் வந்தால்? அந்த 53வது மீட்டரில் உங்கள் வண்டி இன்னும் கிட்டத்தட்ட 69 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நான் முதலில் நம்பவில்லை, நோட்டில் மூன்று தடவை போட்டேன். 20 கூட்டினால் 20தான் மிச்சம் இருக்கும் என்று மனசு நினைக்கிறது. வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் சமாச்சாரம் இது.

மிச்சமாகும் நேரத்தையும் போட்டுப் பாருங்கள். 30 கி.மீ. தூரத்துக்கு 80ல் 22 நிமிடம் 30 நொடி. 100ல் 18 நிமிடம். ஒரு டீ குடிக்கிற நேரம்.

படி 4: விளையாட்டை மாற்றுங்கள்

எனக்கு உண்மையாகவே வேலை செய்தது இதுதான். நல்ல காரை ஓட்டுகிற சந்தோஷத்தை விட்டுவிடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். சந்தோஷத்தை வேகத்திலிருந்து எடுத்து வேறு ஒன்றில் வைக்க வேண்டும்.

எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி கப் ஹோல்டரில் வையுங்கள். சுற்றி ஒரு துண்டு. அடையாறிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு சொட்டு சிந்தாமல் போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

முதல் நாள் திருவான்மியூர் சிக்னலிலேயே துண்டு நனைந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால் எங்கே சிந்துகிறது என்று புரியும். பிரேக் பிடிக்கும்போது இல்லை, வண்டி நிற்கிற கடைசி அரை நொடியில்தான் தண்ணீர் எகிறும். அந்த நேரத்தில் மிதியைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி மெத்தென்று நிற்கும். அதே மாதிரி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பதும் சிந்த வைக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை ஒரே சீராகத் திருப்பி, ஸ்டியரிங் நேராக நேராக மட்டும் மிதியைக் கூட்ட வேண்டும். மரக்காணத்தில் நான் தப்பாகச் செய்தது இந்தக் கடைசி வேலையைத்தான். டம்ளர் அதை எனக்கு 50 கி.மீ. வேகத்தில் சொல்லிக்கொடுத்தது.

இதற்கு மேல் ஒரு பரீட்சை உண்டு. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுங்கள். என் அம்மா முதல் தடவை கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. நான்கு மாதம் கழித்து முட்டுக்காடு பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டார். அதைவிடப் பெரிய கோப்பை எனக்கு வேண்டாம்.

கூரையைத் திறந்துவிட்டு ஓட்டுவதும் உதவும். காற்றும் சத்தமும் நேராக வரும்போது 60 கூட வேகமாகத் தெரியும்.

படி 5: சீண்டலுக்குப் பதில் தயாராக இருக்கட்டும்

ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்தாலே சிலருக்கு முந்த வேண்டும். ஒட்டிக்கொண்டு வருவார்கள், பக்கத்தில் வந்து உறுமுவார்கள். அந்த நேரத்தில் யோசித்தால் தோற்றுவிடுவோம். முன்பே முடிவு செய்த ஒரே செயல் இருக்க வேண்டும். எனது: இடது இண்டிகேட்டர், இடது லேன், கையை உயர்த்தி ஒரு வணக்கம். பத்து நொடியில் ஆள் போய்விடுவார். ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நண்பர்கள் விஷயம் கொஞ்சம் கஷ்டம். "மச்சி, ஒரே ஒரு மிதி" என்று கேட்பான். வண்டி ஓடும்போது மறுத்தால் கோழை மாதிரி இருக்கும். அதனால் கதவைச் சாத்துவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: "டேய், இன்னைக்கு மிதிக்க மாட்டேன். வேணும்னா டிராக்குக்கு வா, ஹெல்மெட் நான் தர்றேன்." இதுவரை இரண்டு பேர் வந்தார்கள்.

படி 6: ஹைவேயிலிருந்து ஊருக்குள் நுழையும்போது மீட்டரைப் பாருங்கள்

ஒரு மணி நேரம் 90ல் வந்துவிட்டு ஊருக்குள் நுழைந்தால் 70 என்பது ஊர்கிற மாதிரி இருக்கும். கண் பழகிவிடுகிறது. சென்னைக்குள் காருக்கு 2023 நவம்பரில் வைத்த வரம்பு 60, குடியிருப்புத் தெருக்களில் 30. உணர்வை நம்பாதீர்கள். நான் உத்தண்டி டோல் வந்ததும் மீட்டரைப் பார்த்து எண்ணை வாய்விட்டுச் சொல்வேன். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80 தாண்டினால் எச்சரிக்கை ஒலி வரும். என்னுடையது பழையது, அதனால் கூகுள் மேப்ஸில் வேகம் காட்டும் வசதியைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒலியை நிறுத்த ஒயரைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

*பின்சேர்க்கை:* எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கும் ஒரு வாசகர், சத்தமே இல்லாததால் வேகம் ஏறியது தெரியவில்லை என்று எழுதியிருந்தார். நியாயமான சிக்கல். எலெக்ட்ரிக் வண்டியில் முழு முறுக்கு விசையும் மிதித்த உடனே வரும். டம்ளர் பயிற்சி அவருக்கு இன்னும் அவசியம். ஈக்கோ மோடில் தொடங்கச் சொன்னேன்.

*இன்னொரு பின்சேர்க்கை:* கொல்லிமலைக்கு எடுத்துப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். போகலாம், மலை ஏறுவதற்காக. நேரம் எடுத்துப் பார்ப்பதற்காக வேண்டாம். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிறதா என்று எந்த வண்டியாலும் பார்க்க முடியாது. ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது சின்ன கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறி விட்டுக்கொடுக்கும்.

படி 7: டிராக்குக்குப் போங்கள்

இவ்வளவும் செய்த பிறகும் அந்த 306 குதிரையும் ஒரு நாளாவது முழுசாக ஓட வேண்டும் என்று தோன்றும். தோன்றட்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் இருக்கிறது, ஒரு சுற்று 3.7 கி.மீ. கோவைக்காரர்களுக்கு செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. பொதுமக்கள் சொந்த வண்டியில் ஓட்டும் நாட்கள் அறிவிப்பார்கள். அங்கே எதிரே எக்ஸ்எல் வராது.

போவதற்கு முன் இரண்டு வேலை. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் புதிதாக மாற்றுங்கள். அது ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும், மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். அடுத்து இன்சூரன்ஸ் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள். ரேஸ், வேகச் சோதனை இவற்றுக்குச் சாதாரண பாலிசி பொருந்தாது. டிராக்கில் ஆகும் செலவு உங்கள் கைக்காசு என்று தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

டிராக்கில் நான்கு சுற்று போனதும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆற விடுங்கள். நிறுத்தியதும் பார்க்கிங் பிரேக் போடாதீர்கள், சூட்டில் பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் தடவை போய்விட்டுத் திரும்பும்போது ஒன்று கவனித்தேன். ஆசை தீர்ந்திருக்கும் என்று நினைத்தால், கால் இன்னும் டிராக்கிலேயே இருந்தது. பெங்களூர் ஹைவேயில் ஏறி மூன்று நிமிடத்துக்குள் 110. அதனால் இப்போதெல்லாம் கடைசி ஓட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். சட்டை காயும்வரை, டயர் கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை. காற்றழுத்தத்தைத் திரும்ப ரோட்டுக்கு ஏற்றபடி வைத்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுத்தான் சாவியை எடுக்கிறேன்.