சட்டைப் பட்டனில் இருந்து கோட்பாட்டுக்கு: குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபியில் படித்ததைப் பயன்படுத்தும் முறை

அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபிக்கு உங்களிடம் வந்த ஆறு வயதுக் குழந்தைக்குச் சட்டைப் பட்டன் போட வரவில்லை. எந்தக் கோட்பாடு பொருந்தும் என்று புத்தகத்தைப் புரட்டினால் நாலைந்து பதில் கிடைக்கும். முதல் நாள் புத்தகத்தை மூடிவிட்டு, குழந்தை பட்டன் போடுவதைப் பாருங்கள்.

வேலையைத் துண்டுகளாகப் பிரித்துக் குறியுங்கள்: காஜாவைத் தேடுவது, ஒரு கையால் துணியை இறுக்கிப் பிடிப்பது, பட்டனின் விளிம்பை நுழைப்பது, மறுபக்கம் பிடி மாற்றுவது, இழுப்பது. எங்கே நிற்கிறது? உதவப் போகுமுன் 10 விநாடியாவது பொறுங்கள். நாம் அவசரப்பட்டால் தடுமாற்றத்தின் காரணமே கண்ணில் படாது.

அடுத்து, குழந்தை, சூழல், செயல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் 1996-ஆம் ஆண்டின் PEO (Person-Environment-Occupation) மாதிரியை எடுங்கள். விரல் பயிற்சிக்கு முன்பே சூழலைத் திருத்திவிடலாம். கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு நிலைகொள்ளாது. கையும் ஊன்றிக்கொள்ள இடம் தேடும். பாதம் தரையிலோ பலகையிலோ படியட்டும். 2.5 செ.மீ. பட்டனும் சற்றுப் பெரிய காஜாவும் உள்ள சட்டையைக் கொடுங்கள்.

இனி, தடுமாற்றத்துக்கு எது காரணம் என்ற ஊகம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். மேசையில் விரித்த சட்டையில் வருகிறது, உடம்பில் வரவில்லை என்றால், விரல் வலுவைவிடக் கை நிலையையும் பார்வைக் கோணத்தையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் துணி நழுவினால், இரு கைகளும் இசைந்து வேலை செய்யவில்லை எனலாம். டப்பா மூடியின் பிளவில் காசு நுழைக்கும் விளையாட்டு உதவும்; ஆனால் அதே அமர்விலேயே சட்டைக்குத் திரும்புங்கள். காசில் வந்த திறமை தானாகப் பட்டனுக்குத் தாவாது.

கற்பிக்கும் வழியையும் குழந்தையே தீர்மானிக்கிறது. படிகளின் வரிசை குழம்புகிறவருக்குப் பின்னிருந்து தொடங்குங்கள்: எல்லாம் நீங்கள் செய்து, கடைசி இழுப்பு மட்டும் குழந்தைக்கு. அது பிடிபட்டதும் முந்தைய படி. பேசி யோசிக்கக்கூடியவரிடம் 'இலக்கு, திட்டம், செய், சரிபார்' முறை நன்றாக வேலை செய்யும். "எங்கே மாட்டிக்கொண்டது? வேறு எப்படிப் பிடிக்கலாம்?" என்று கேளுங்கள், விடையை நீங்கள் சொல்லிவிட்டால் முறையே கெட்டுவிடும்.

தொடுதல், அசைவு போன்ற புலன் உணர்வுகளை மூளை ஒழுங்குபடுத்துவதைப் பற்றி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் வகுத்த புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை எல்லாக் குழந்தைக்கும் நீட்டுவது பரவலான தவறு. சட்டைத் துணி உரசினாலே கூசி விலகும் குழந்தைக்கு அந்தக் கண்ணோட்டம் தேவை. மற்றபடி ஊஞ்சலில் அரை மணி ஆட்டினால் பட்டன் போட வந்துவிடாது.

முன்னேற்றத்தை அளக்க ஐந்து நிலை அளவுகோல் போதும். 5 பட்டன் சட்டை, 3 நிமிடம்: எதுவும் போடாதது −2, ஒன்று −1, இரண்டு அல்லது மூன்று 0 (எதிர்பார்த்த இலக்கு), நான்கு +1, ஐந்தும் +2. நேரத்தையும் பட்டன் அளவையும் இடையில் மாற்றாதீர்கள். மாற்றினால் எண்ணுக்கு அர்த்தமில்லை. நாலு வாரமாக எண் அசையவில்லையா? பயிற்சியைக் கூட்டாமல் ஊகத்தை மறுபடி பாருங்கள்.

வீட்டுப் பயிற்சி பெரும்பாலும் காலை அவசரத்தில்தான் கெடுகிறது. பெற்றோரிடம் மாலையில் உடை மாற்றும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். போடுவதைவிடக் கழற்றுவது எளிது, அதிலிருந்து தொடங்கலாம். பிறகு கண்ணுக்குத் தெரியும் கீழ்ப் பட்டன்கள். பார்க்கவே முடியாத கழுத்துப் பட்டன் கடைசியில்.