மூலையில் கிடக்கும் பழைய கணினியை டிவியோடு சேர்ப்பது எப்படி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறதா, இன்டெல் எட்டாம் தலைமுறையா என்று அது ஆயிரம் கேள்வி கேட்கும். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பிள்ளைகள் படிக்கும்போது வாங்கிய கணினிகள் இப்படித்தான் பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கின்றன. இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் அதை டிவியில் படம் ஓட்டும் பெட்டியாக மாற்றி ஒருமுறை முயன்று பாருங்கள். தோட்டத்துக்குள் இணைய லைன் சரியாகக் கிடைக்காத வீடுகளுக்கு இது இன்னும் பொருத்தம், ஏனென்றால் படங்கள் உங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கும்.

எந்தக் கணினி போதும்?

64 பிட் சிப், 2 ஜிபி ரேம் இருந்தால் சாதாரண எச்டி படங்களுக்குப் போதும். 4கே படங்களும், எச்இவிசி என்ற சுருக்க முறையில் வரும் கோப்புகளும்தான் பழைய சிப்பில் திக்கித் திணறும். அதற்கு 2017-க்குப் பிறகு வந்த இன்டெல் சிப் இருந்தால் நல்லது. மேசைக் கணினி, மடிக்கணினி இரண்டும் இருந்தால் மடிக்கணினியை எடுங்கள். மின்சாரம் குறைவு, சத்தமும் குறைவு. அதன் பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள்.

மூடியைத் திறந்து மின்விசிறியில் உள்ள தூசியைத் தூரிகையால் தட்டுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் நேரம் தவறாகக் காட்டி எஃப்1 அழுத்தச் சொன்னால், மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிஆர்2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள்.

கேபிள்

எச்டிஎம்ஐ இருந்தால் ஒரே கேபிளில் படமும் ஒலியும் போய்விடும். நீல நிற விஜிஏ மட்டும்தான் என்றால் அதில் படம் மட்டுமே வரும். ஒலிக்கு ஹெட்போன் துளையிலிருந்து டிவிக்கோ ஸ்பீக்கருக்கோ தனியாக 3.5 மிமீ கேபிள் போட வேண்டும்.

லிப்ரெலெக் போடுவது

விண்டோஸை வைத்துக்கொண்டு அதிலேயே படம் ஓட்டும் கோடி (Kodi) செயலியை நிறுவலாம்தான். ஆனால் பழைய இயந்திரத்தில் விண்டோஸ் எழுந்து நிற்பதற்குள் படம் பார்க்கும் ஆசையே போய்விடும். கோடியை மட்டும் ஓட்டுவதற்காகவே செய்யப்பட்ட, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் சிறிய லினக்ஸ் இயங்குதளம்தான் லிப்ரெலெக் (LibreELEC). இரண்டும் இலவசம்.

1. வேறொரு கணினியில் லிப்ரெலெக் தளத்துக்குப் போய் 'ஜெனரிக்' பதிப்பை இறக்குங்கள். என்விடியா கார்டு உள்ள கணினி என்றால் 'ஜெனரிக் லெகசி'.
2. பெண்டிரைவ் ஒன்றைச் செருகி, அதே தளத்தில் கிடைக்கும் யுஎஸ்பி கிரியேட்டர் கொண்டு அதில் எழுதுங்கள். பெண்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.
3. பழைய கணினியில் அதைச் செருகி, போடும்போதே பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. பெண்டிரைவை ஏற்க மறுத்தால் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் 'செக்யூர் பூட்' என்பதை அணையுங்கள்.
4. முதலில் 'லைவ்' தேர்வில் ஓட்டிப் பாருங்கள். படம், ஒலி, வைஃபை மூன்றும் சரி என்றால் மட்டும் 'இன்ஸ்டாலர்'.

இன்ஸ்டாலர் முழு ஹார்டு டிஸ்க்கையும் துடைத்துவிடும். பழைய குடும்பப் படங்கள் அதற்குள் இருக்கின்றனவா என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிட்டு அப்புறம் ஓகே கொடுங்கள்.

ஒலி வரவில்லையா? செட்டிங்ஸ், சிஸ்டம், ஆடியோ என்று போய் வெளியீட்டுச் சாதனத்தை எச்டிஎம்ஐக்கு மாற்றுங்கள். புதிதாகச் செய்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் நிற்பார்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் கோளாறு கணினியில் இல்லை. டிவி மெனுவில் படத்தின் அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று வையுங்கள்.

கல்யாண விசிடிகள்

என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு உண்மையான காரணமே இதுதான். 2000-க்கு முன்னும் பின்னும் எடுத்த கல்யாணம், காதுகுத்து, தைப்பூசக் காவடி எல்லாம் விசிடியாகத்தான் அலமாரியில் இருக்கும். தட்டு வீணாவதற்குள் கோப்பாக்கிவிடுங்கள்.

சிடி டிரைவ் உள்ள விண்டோஸ் கணினியில் தட்டைப் போட்டுத் திறந்தால் எம்பெக்ஏவி (MPEGAV) என்றொரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் டேட் (.dat) என்று முடியும் பெரிய கோப்புதான் படம். அதை அப்படியே நகலெடுத்து, விஎல்சியில் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஹேண்ட்பிரேக் செயலியில் எம்பி4 ஆக மாற்றினால் எங்கும் ஓடும். நகலெடுக்கும்போது பாதியில் நின்றால் தட்டைத் தண்ணீரில் கழுவி, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் இன்னும் மோசமாகும்.

விசிடியின் படம் வெறும் 352×288 புள்ளிகள்தான். பெரிய டிவியில் மங்கலாகவே தெரியும், அதைக் கூர்மையாக்க முடியாது. ஆனால் மறைந்துபோன தாத்தா பந்தலில் நின்று சாப்பாடு பரிமாறுவதைப் பார்க்கிறவர்கள் யாரும் அதைக் குறை சொல்வதில்லை.

படங்களை ஏற்றுவது

கோப்புகளை யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் வைத்துச் செருகலாம். அல்லது ஒரே வைஃபையில் உள்ள விண்டோஸ் கணினியின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் \\LIBREELEC என்று தட்டினால் டிவிக் கணினியின் ஃபோல்டர்கள் திறக்கும். சினிமாப் படங்களுக்குப் பெயரும் அடைப்புக்குறிக்குள் ஆண்டும் வைத்தால் போஸ்டர், நடிகர் விவரம் எல்லாம் கோடியே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். குடும்ப வீடியோக்களைத் தனி ஃபோல்டரில் வையுங்கள், இல்லையென்றால் அக்காள் கல்யாணத்துக்கு ஏதோ ஆங்கிலப் படத்தின் போஸ்டரை மாட்டிவிடும்.

கோடியோடு எந்தப் படமும் வராது. 'எல்லாம் இலவசம்' என்று யாராவது கோடிக்குள் ஆட்-ஆன் என்ற துணைச் செயலி போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம். மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2022-இல் கொண்டுவந்த திருத்தம் திருட்டு ஸ்ட்ரீமிங்கையும் குற்றமாக்கியிருக்கிறது.

ரிமோட்

விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்க்க அம்மா சம்மதிக்க மாட்டார். கோடியின் சர்வீசஸ் பகுதியில் 'கன்ட்ரோல்' என்பதில் எச்டிடிபி வழிக் கட்டுப்பாட்டை அனுமதித்து, ஒரு கடவுச்சொல்லும் வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் கோரே (Kore) என்ற இலவசச் செயலியைப் போட்டால் போனே ரிமோட் ஆகிவிடும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும்.

அப்புறம், மாலையில் வானம் இருண்டு இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே உருவிவிடுங்கள். மோடத்திலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்துத்தான்.