கொயரில் பாடும் டெனர் சோலோவுக்குத் தயாராவது எப்படி

ராயபுரம், பெரம்பூர் பக்கம் சர்ச் கொயரில் டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடுகிறவர் முதல் சோலோவுக்கு இசையமைப்பாளர் ஹாண்டலின் ‘மெசையா’வை எடுப்பது நல்லது. 1742இல் டப்ளினில் அரங்கேறிய இந்த ஆரட்டோரியோவில் (நடிப்பில்லாமல் பாடும் பெரிய பக்தி இசைப்படைப்பு) ஓவர்ச்சர் என்ற தொடக்க வாத்திய இசை முடிந்ததும் முதலில் வாய் திறப்பவர் டெனர்தான்.

முதலில் மைக்கை விடுங்கள். ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். பழகிய குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கணீர் வரும், அதுதான் கடைசி பெஞ்சு வரை போகிறது. கத்தினால் போகாது. வாரநாளில் சர்ச் ஃபேன்களை நிறுத்திவிட்டு ஆல்டர் படியில் நின்று பாடுங்கள். கடைசி பெஞ்சில் ஒருவரை உட்காரவையுங்கள். “சத்தம் வருது, வார்த்தை புரியல” என்றால் தொண்டையை இறுக்குகிறீர்கள்.

‘கம்ஃபர்ட் யீ’ என்ற முதல் மூன்று சுரங்கள் மி, ரே, டோ. கேட்க எளிது. ஆனால் இந்தப் பாட்டின் சுருதியான ஈ மேஜரில் அந்த மி, பியானோவின் நடு சி-க்கு மேலுள்ள ஜி ஷார்ப். டெனர் குரல் கீழ்க்குரலிலிருந்து மேல்குரலுக்குத் திரும்பும் இடத்துக்கும் சற்று மேலே, எடுத்த எடுப்பிலேயே பிடிக்க வேண்டும். எட்டிப் பிடிக்கப் போனால் தாடை தூக்கி, கழுத்து நரம்பு புடைத்து, ‘கம்’ என்பது ‘கேம்’ ஆகிவிடும். வாயைப் பக்கவாட்டில் இழுக்காமல் கீழ்நோக்கித் திறங்கள். முதல் வாரம் டி மேஜரில் உதட்டை ‘ப்ர்ர்’ என்று அதிரவிட்டுப் பாடுங்கள், பிறகு வார்த்தையோடு. அடுத்த வாரம் ஈ ஃப்ளாட், அதற்கடுத்து ஈ.

அதையடுத்து வரும் ஏரியாவில் (தனிக்குரல் பாட்டு) ‘எக்ஸால்ட்டட்’ என்ற சொல்லில் வேகமான சுரங்களின் நீண்ட ஓட்டம் வரும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50இல் வைத்துத் தொடங்கி, நாலு நாலாக ஏற்றுங்கள். சுரத்துக்குச் சுரம் ‘ஹ’ போட்டால் மூச்சு பாதியில் தீரும். நான்கு சுரத்தில் முதலாவதை மட்டும் லேசாக அழுத்துங்கள்.

கொயரைத் தாண்டி, பாடியே நடிக்கும் ஓபராவுக்குப் போக நினைத்தால் சொல்ஃபா (டோ, ரே, மி) மட்டும் தெரிந்தால் போதாது, ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் வாசிக்கத் தெரிய வேண்டும். கோட்டின் தொடக்கத்தில் வரும் ட்ரெபிள் கிளெஃப் குறியின் கீழே 8 இருந்தால் எழுதியதற்கு ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே பாட வேண்டும். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் அமைப்புகளின் இசைத் தேர்வுகள் சென்னையிலேயே நடக்கின்றன. ஒழுங்காகப் படிக்க உதவும், ஆனால் ஓபராவுக்கு ஆள் எடுக்கும் ஆடிஷனில் குரலைத்தான் கேட்பார்கள்.

ஓபராவில் அதிகம் வரும் இத்தாலிய உச்சரிப்பில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அவர்களின் ‘டி’ நம் ‘த’ போல நாக்கு பல்லைத் தொட்டு வரும். இரட்டை மெய்யை ‘பத்து’, ‘அப்பா’ போல நிறுத்திச் சொன்னால் சரியாக வரும்.

‘நெஸ்ஸுன் டோர்மா’ என்ற புகழ்பெற்ற ஓபரா ஏரியாவை இருபது வயதில் தொடாதீர்கள். புச்சினி அதைக் கனத்த குரலுக்கு எழுதினார். இளம் குரல் அந்தக் கனத்தைத் தொண்டையால் தள்ளிப் பழகிவிடும். மோட்சார்ட்டின் பாட்டுகளே போதும். ஆடிஷனுக்கு நான்கைந்து ஏரியா, இரண்டு மூன்று மொழிகளில், மனப்பாடமாக வைத்திருங்கள்.

பெரிய ஆபத்து டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே, பனியில், நள்ளிரவு வரை தெருத்தெருவாகக் கத்தினால் மறுநாள் அந்த ஜி ஷார்ப் வராது. மெசையாவுக்கு முந்தைய ஒரு வாரம் கொயர் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ரவுண்ட்ஸில் பாடாமல் கிட்டார் பிடியுங்கள்.