முப்பது பார்சல் திரும்பி வந்த கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்த விலைக்கு நைட்டி எடுத்து ஆன்லைனில் விற்கிறேன். போன வருஷம் ஆர்டர் குவிந்தது, கையில் காசு நிற்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் பதில் போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பார்சலுக்கு டேப் ஒட்டும்போதே காரணமில்லாமல் அழுகை வந்தது. "கடை கெடக்கட்டும்டி, மொதல்ல டாக்டரைப் பாரு" என்றாள் அம்மா. ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். முதலில் தூக்கத்தைச் சரிசெய்யச் சொன்னார் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாடே இந்த மாதிரிச் சோர்வை ('பர்ன்அவுட்') வேலை சார்ந்தது என்றுதான் குறிப்பிடுகிறது. சோம்பேறித்தனம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பத்து நாள் தூங்கி எழுந்த பிறகுதான் கணக்கு கண்ணில் பட்டது. 399 ரூபாய் நைட்டிக்குக் கொள்முதல் 210, கூரியர் 70, விளம்பரம் 60, கவர் 12. மிச்சம் 47. பார்சல் திரும்பி வந்தாலோ, போன கூரியர், விளம்பரம், கவரோடு திரும்பி வரும் கூரியர் 60-ம் சேர்ந்து 202 நஷ்டம். நூற்றுக்கு முப்பது திரும்பின. எழுபதில் வந்தது 3,290. முப்பதில் போனது 6,060.

கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்தினேன். மூன்று நைட்டி சேர்ந்த காம்போ மட்டும், 1,149 ரூபாய். மூன்றுக்கும் ஒரே கூரியர், ஒரே விளம்பரச் செலவு. ஆர்டர் பாதியானபோது வயிறு கலங்கியது. ஆனால் இரண்டாம் மாதமே கையில் லாபம் தங்கியது.

இப்போது ஏழு மணிக்கு பிசினஸ் போன் பீரோவுக்குள் போய்விடும். ஞாயிறு காலையில் காசிமேடு. வஞ்சிரம் வாங்கிவந்து நானே குழம்பு வைக்கிறேன்.