புதிதாக வார்டு உறுப்பினர் ஆனவர்களுக்கு ஒரு குறிப்பு

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. 21 வயது நிறைந்து, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போட்டியிடலாம். ஜெயித்து வந்ததும் சாலை, விளக்கு என்று ஓடுவதற்கு முன் ஒரு பெரிய வேலை இருக்கிறது: துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது. அவரை வார்டு உறுப்பினர்கள்தான் தங்களுக்குள் இருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுபவரும் அவரே. அதனால் சொந்தக்காரர், பழக்கக்காரர் என்று பார்க்காமல், கணக்கைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஆளுக்கு வாக்களியுங்கள்.

அப்புறம் தீர்மானப் புத்தகம். பழைய தீர்மானங்களை உட்கார்ந்து படியுங்கள். உங்கள் தெருவுக்கு எது நிறைவேறியது, எது ஏட்டோடு நின்றது என்று அதில் தெரியும். எழுதி முடிக்காத பக்கத்தில் மட்டும் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டி இயக்குபவரிடமும் தூய்மைப் பணியாளரிடமும் அரை மணி நேரம் பேசிப் பாருங்கள், எந்தக் குழாய் எப்போது உடையும் என்பதுவரை சொல்வார்கள். கேட்டதை நோட்டில் எழுதி, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் மக்களை வைத்தே தீர்மானமாகப் பதிய வையுங்கள்.

பெண் உறுப்பினர்களே, கூட்டத்துக்கு நீங்களே போங்கள். வீட்டுக்காரரை அனுப்பாதீர்கள், அந்த நாற்காலி உங்களுடையது.