பழைய .22 ரைஃபிளில் ட்ரிக்கரைச் சோதிக்க

தாத்தா விட்டுப்போன .22 ரிம்ஃபயர் ரைஃபிளைச் சரிசெய்யும்போது, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியாக இருக்கையில் ட்ரிக்கரை இழுக்காதீர்கள். ஏற்கெனவே சுட்ட வெற்றுக் கூடு ஒன்றைப் போட்டு இழுங்கள்.

ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள் இருப்பதால், ஃபயரிங் பின்னும் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) விளிம்பைத்தான் குத்தும். தோட்டா இல்லாவிட்டால் அந்த அடி நேராகச் சேம்பரின் இரும்பு விளிம்பில் விழும். அங்கே பிசிறு கிளம்பினால் தோட்டா சரியாக உட்காராது, சுட்ட கூடும் லேசில் வெளியே வராது. பின்னின் முனையும் கெடும். அப்புறம் ரிப்பேர் செலவுதான். கூட்டின் பித்தளை அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கூட்டைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். குத்துப்பட்ட பள்ளத்திலேயே மறுபடி அடித்தால் பயனில்லை.

ரூகர் 10/22 போன்ற சில ரைஃபிள்களில் ஃபயரிங் பின் சேம்பரைத் தொடாதபடி அமைப்பு உண்டு. அவற்றுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

இதெல்லாம் உங்கள் பெயரில் லைசென்ஸ் வாங்கிய பிறகுதான். வாரிசு என்பதால் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. சென்னையில் வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அதுவரை துப்பாக்கி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ இருக்கட்டும்.