ஒரே அளவில் நானோபடிகங்கள்: கரு தோன்றுவதையும் வளர்வதையும் பிரித்தாளும் முறை

சில நானோமீட்டர் அளவே உள்ள நுண்படிகங்களாகிய காட்மியம் செலினைடு நானோபடிகங்களின் தயாரிப்பில் உள்ள சிரமமெல்லாம் படிகங்கள் அனைத்தையும் ஒரே அளவில் நிறுத்துவதில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 2 நானோமீட்டர் விட்டமுள்ள படிகம் நீலமாக ஒளிரும். 6 நானோமீட்டரை நெருங்கியது சிவப்பாக ஒளிரும். பல அளவுகள் ஒரே குடுவையில் கலந்துவிட்டால் எந்த நிறமும் தூய்மையாகக் கிடைக்காது. சிங்கப்பூரின் பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இத்தயாரிப்பில் முதன்முதலாக இறங்கும் தமிழ் மாணவர்களுக்காக, ஒவ்வொரு படியும் எதற்காக என்பதோடு செய்முறையை இங்கே விளக்குகிறேன்.

படிகத்துக்குக் காட்மியத்தையும் செலினியத்தையும் தரும் முன்னோடிச் சேர்மங்கள் வெப்பத்தில் வினைபுரிந்து, படிகத்தின் அடிப்படை அலகுகளாகிய மோனோமர்களைக் கரைசலில் சேர்க்கின்றன. சில மோனோமர்கள் ஒட்டிச் சிறு திரளாகும்போது உட்புறப் பிணைப்புகளால் ஆற்றல் குறைகிறது. புதிதாகத் தோன்றும் பரப்பினாலோ ஆற்றல் கூடுகிறது. திரள் மிகச் சிறியதாக உள்ளவரை பரப்பின் கணக்கே ஓங்கி நிற்பதால் அது மீண்டும் கரைந்துவிடும். மாறுநிலை ஆரம் எனும் எல்லையைத் தாண்டிய திரளே கருவாக நிலைக்கும். மோனோமர் செறிவு ஏற ஏற அந்த எல்லை தாழும். செறிவு ஒரு வரம்பைக் கடந்ததும் கருக்கள் ஒருசேர வெடித்துக் கிளம்பி, அவையே மோனோமரை உறிஞ்சுவதால் செறிவு வரம்புக்குக் கீழே இறங்கி, அதன்பின் வளர்ச்சி மட்டுமே நடக்கும் என்று லாமர், டினேகர் எனும் வேதியியலர்கள் 1950-இல் கந்தகக் கூழ்மங்களை (திரவத்தில் மிதக்கும் கந்தக நுண்துகள்களை) கொண்டு விளக்கினர். எல்லாக் கருக்களும் ஒரே கணத்தில் பிறந்தால், அவை வளர்வதற்குக் கிடைக்கும் காலமும் ஒன்றாகவே இருக்கும். 1993-இல் மர்ரி, நோரிஸ், பவெண்டி ஆகியோர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கையாண்ட சூடான உட்செலுத்து முறை இதைத்தான் செய்கிறது: குளிர்ந்த முன்னோடியைக் கொதிசூட்டில் உள்ள கரைப்பானில் ஒரே வீச்சில் செலுத்தும்போது செறிவு திடீரென எகிறுகிறது, வெப்பநிலையும் சரிகிறது. மௌங்கி பவெண்டி 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசை லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமோவ் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

வகுப்பறை அளவுக்கு ஏற்ற, பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகள் இவை. 30 மில்லிகிராம் செலினியத்தை 5 மில்லிலிட்டர் ஆக்டடெசீன் எனும் கரைப்பானிலும், செலினியத்தைப் பிணைத்துக் கரைக்கும் டிரைஆக்டைல்பாஸ்பீன் 0.4 மில்லிலிட்டரிலும் சற்றுச் சூடாக்கிக் கரைத்து, அறைவெப்பநிலைக்கு ஆறவிட வேண்டும். வேறொரு குடுவையில் 13 மில்லிகிராம் காட்மியம் ஆக்சைடு, 0.6 மில்லிலிட்டர் ஒலியிக் அமிலம், 10 மில்லிலிட்டர் ஆக்டடெசீன் ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்கியபடி சூடேற்ற வேண்டும். பழுப்பு நிறப் பொடி மறைந்து கரைசல் நிறமற்றுத் தெளிய வேண்டும். கலங்கல் சிறிதளவு எஞ்சியிருந்தாலும் மேலே செல்லக் கூடாது. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைகளில் விற்கும் கற்கண்டு நூலைப் பற்றிக்கொண்டு வளர்வதுபோல, கரையாத துகளும் கீறல் விழுந்த கண்ணாடியும் படிகத்துக்குப் பிடிமானம் தந்துவிடும். அங்கே கருக்கள் தம் விருப்பப்படி முன்பின்னாகத் தோன்றும். ஆக்சைடு கரையும்போது நீரும் உருவாகிறது. அது குடுவையின் கழுத்தில் துளிகளாகப் படிந்து, சூடான எண்ணெயில் விழுந்து தெறிக்கக்கூடும். நம் ஊரின் ஈரப்பதத்தில் கரைப்பானும் நீரை ஏற்றிருக்கும். வசதியுள்ள ஆய்வகங்களில் 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் வெற்றிடம் இழுத்து அதை அகற்றிவிட்டு, நைட்ரஜனின் கீழ் மேலே சூடேற்றுவதே நல்லது.

225 டிகிரியை எட்டியதும் 1 மில்லிலிட்டர் செலினியக் கரைசலை ஒரே அழுத்தத்தில் செலுத்த வேண்டும். தயங்கித் தயங்கிச் செலுத்தினால் கருக்கள் தவணை முறையில் பிறக்கும். நான் அகன்ற ஊசியையே பரிந்துரைப்பேன். அந்த நொடியிலிருந்தே சுமார் ஒரு மில்லிலிட்டர் வீதம் மாதிரிகளை எடுத்துக் குளிர்ந்த கண்ணாடிக் குப்பிகளில் இட வேண்டும். தொடக்கத்தில் மிக விரைவாகவும் பிறகு இடைவெளி விட்டும் எடுத்தால், மூன்று நிமிடங்களுக்குள் வெளிர்மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு நோக்கி நிறம் நகர்வதைக் குப்பிகளின் வரிசையிலேயே காணலாம். குளிர்ந்த கண்ணாடி வளர்ச்சியை அங்கேயே நிறுத்திவிடுகிறது.

லாமரின் படம் எளிமையாக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முன்னோடி எவ்வளவு விரைவாக மோனோமராகிறது என்பதும் கருக்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. சந்தையில் கிடைக்கும் டிரைஆக்டைல்பாஸ்பீனில் கலந்துள்ள இரண்டாம்நிலை பாஸ்பீன் எனும் மாசே வினையை நடத்துகிறது என 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே புட்டி மாறினால் விளைவும் மாறலாம். புட்டியின் தொகுதி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது எந்தக் கருவிக்கும் ஈடான உதவி.

வளர்ச்சியின்போது மோனோமர் தாராளமாக இருந்தால் சிறிய படிகங்கள் பெரியவற்றைவிட விரைவாக வளர்ந்து எட்டிப்பிடிக்கும், அளவுகள் குவியும். இதை அமெரிக்க வேதியியலர் அலிவிசாட்டோஸின் குழு 1998-இல் விளக்கியது. மோனோமர் தீர்ந்துவந்தால் மாறுநிலை ஆரம் ஏறிவிடும். சிறியவை கரைந்து பெரியவற்றுக்கு இரையாகும். ஆஸ்வால்டு முதிர்ச்சி எனப்படும் இந்தக் கட்டத்தை, மாதிரி எந்தெந்த அலைநீள ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் உட்கவர் நிறமாலையில் அடையாளம் காணலாம்: கூராக இருந்த முதல் முகடு அடுத்தடுத்த மாதிரிகளில் சரிந்து அகலும். அதற்கு முன்பே வெப்பத்தை அகற்ற வேண்டும். மேலும் பெரிய படிகம் தேவையெனில் முன்னோடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, புதிய கரு தோன்றாத அளவில் செறிவைத் தாங்கிப் பிடிக்கலாம். ஒலியிக் அமிலத்திலிருந்து வரும் ஒலியேட்டு போன்ற, படிகத்தின் பரப்பில் பிணைந்து அதைப் போர்த்தியுள்ள ஈனிகள் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. எத்தனாலோ அசிட்டோனோ சேர்த்து வீழ்படிவாக்கி, மையவிலக்கியில் சுழற்றி, டொலுவீனில் மீண்டும் கரைக்கும் கழுவலை அளவுக்கு மீறிச் செய்தால் அந்த ஈனிகளும் உரிந்து ஒளிர்வு மங்கும்.

காட்மியச் சேர்மங்கள் நச்சுள்ளவை, புற்றுநோய் விளைவிப்பவை. பொடியை எடைபோடுவது முதல் கழுவுவது வரை எல்லாமே கையுறையுடன், நச்சாவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் நடக்க வேண்டும். மாதிரிக் குப்பி, துடைத்த தாள், மையவிலக்கியில் மிஞ்சிய திரவம் எதுவும் தொட்டிக்கோ குப்பைக்கோ போகக் கூடாது. பெயரொட்டிய கழிவுக்கலத்தில் சேர்த்து, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக்கழிவு சேகரிப்பாளரிடம் செல்லுமாறு ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.